எழுபத்திரண்டு பேர் நின்ற மாநிலம்

எங்கள் பத்திரிகையில் ஆண்டுக்கு ஒருமுறை மாநிலத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வரும். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கானது. பரப்பளவு, எல்லைகள், மலைகள், ஆறுகள், கடற்கரையின் நீளம், மாவட்ட வாரியாக மக்கள்தொகை. கோவைப் பதிப்பில் அதைத் தயாரிப்பது பல வருடங்களாக நான்தான். எண்களைச் சரிபார்க்க வேண்டும், வரைபடத்தில் ஊர்ப் பெயர் எதுவும் கடலுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எனக்கு யாரும் போன் செய்ததில்லை. ஒரு மே மாதக் கடைசியில் ஒருவர் செய்தார்.

"ஏனுங் சார், இந்த ஏழு கோடிப் பேரையும் எங்க ஸ்கூல் கிரவுண்டுல நிக்க வெக்க முடியுங்களா?"

பேசியவர் பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. என் மனைவியுடன் கல்லூரியில் படித்தவர். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் கணக்கோடு வந்திருந்தார். கடைசியாக எடுத்து முடித்த கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகை ஏழு கோடியே இருபது லட்சம் சொச்சம். ஒருவர் பத்து லட்சம் என்று வைத்தால் எழுபத்திரண்டு பேர் போதும்.

"தரையில சுண்ணாம்புத் தூள்ல மேப் போட்டுரலாங்க. அவங்கவங்க மாவட்டத்துல போய் நிக்கோணும். எங்க நெரிசல், எங்க எடம் சும்மா கெடக்குதுன்னு கண்ணாலயே பாத்துக்கலாமில்லீங்களா?"

எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை வருடம் பொடி எழுத்தில் அச்சாகிவந்த பக்கம் எழுந்து நிற்கப் போகிறது. மாவட்டத்துக்கு எத்தனை ஆள் என்று பிரித்துத் தருவதாக அந்த நிமிடமே ஒப்புக்கொண்டேன். எதற்காக இது என்று பிறகுதான் கேட்டேன்.

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மஞ்சள் வேனில் ஏறி ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். அவர் பள்ளியில் மிஞ்சியவர்கள் இருபதுக்கும் குறைவு. இந்த ஜூனில் புதிதாக யாரும் சேரவில்லை என்றால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இதைச் சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு பலமாக இருந்தது. பக்கத்து ஊர் என்பது நெடுஞ்சாலைக்கு அந்தப் புறம். கோழி லாரியும் கன்டெய்னரும் ஓடுகிற சாலையை ஆறு வயதுப் பிள்ளைகள் தாண்ட வேண்டும். பெற்றோர் தாண்ட வைக்க மாட்டார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் விசைத்தறிக் கூடங்களை ஒட்டி லைன் வீடுகள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இல்லை. இவர் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருக்கிறார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் வரவில்லை.

"இது அவங்களுக்கான ஸ்கூல் இல்லைன்னு நெனைச்சுட்டாங்க சார். எதையாவது சாக்கு வெச்சு ஒருக்கா கேட்டுக்குள்ள வந்துட்டாங்கன்னா போதும், மீதிய நான் பாத்துக்குவேன். ஊர்க்காரங்க எத்தன பேரு வருவாங்க? முப்பது தேறும். எழுபத்திரண்டுக்கு ஆளு பத்தாது. அதுக்கு அவங்களக் கூப்புடறேன். உதவிக்கு வாங்கன்னா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க."

மாநிலத்துக்கு மக்கள் பற்றாக்குறை என்று சொல்லி ஆள் சேர்க்கிற திட்டம். செய்தி ஆசிரியராக இருந்தால் முதல் பக்கத்தில் போட்டிருப்பேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை. காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறி, சிங்காநல்லூரில் பல்லடம் பஸ்ஸுக்கு மாறி, அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஏற்கனவே தொடங்கியிருந்தது. சாலையோரத்துத் தென்னைகள் எல்லாம் கிழக்கே சாய்ந்து நின்றன. வார விடுமுறை என்பதால் தறிகள் ஓடவில்லை. தறிச்சத்தம் இல்லாத அந்த ஊரில் காற்றின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

பள்ளி கேட் கிழக்குச் சுவரில் இருந்தது, வடகோடியை ஒட்டி. எதிரே மேற்கில் கொடி மேடை. நடுவில் மைதானம் முழுக்க மாநிலம் படுத்துக் கிடந்தது. நுனியிலிருந்து நுனிக்கு அறுபதடி. விளிம்பு வெள்ளைச் சுண்ணாம்பு, கடல் நீலக் கோலப்பொடி, காவிரிக்கு ஊதா நூல். போட்டவர் ஒரு தறிக்கூட முதலாளியின் மருமகன். சென்னைக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மாமனார் வீட்டில் இருந்துகொண்டே செய்கிறார். பாடப்புத்தக வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மாமனாரின் தறிக்கூடத்து நூலைத் தரையில் குறுக்கும் நெடுக்கும் கட்டி, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கியிருந்தார். கேட்டில் நின்று பார்த்தால் அச்சு அசல் புத்தகத்துப் படம்தான். சென்னை மேலே, கன்னியாகுமரி கீழே. சென்னை ஒரு முறம் அளவு இருந்தது. கோயம்புத்தூர் மாவட்டம் ஒரு கட்டில் போடுகிற அளவு. எல்லாம் விகிதப்படி சரி. நான் மெச்சிச் சொன்னேன்.

"நம்ம மாப்ளைங்க," என்றார் மாமனார் பெருமையாக. பள்ளி மேலாண்மைக் குழுவில் அவரும் இருந்தார். "ரெண்டு நாளா வெயில்ல நின்னு போட்டாருங்க. ஆபீசுல கேட்டா நெட்டு இல்லைன்னு சொல்லிப்போட்டாரு."

லைன் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். முதலில் நான்கு பெண்கள், கேட்டுக்கு வெளியிலேயே நின்று உள்ளே பார்த்தார்கள். பிறகு ஆண்கள், பிள்ளைகள். தலைமையாசிரியை வாசலுக்கே ஓடினார். "வாங்க வாங்க, நீங்க வல்லீன்னா சேலமே காலிங்க!" அவர்கள் சிரித்துக்கொண்டு நுழைந்தார்கள். அப்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதி வேலை முடிந்தது என்று இருந்தது.

நான் மாவட்டம் பிரித்தேன். சென்னைக்கு நாலரை என்று கணக்கு, ஐந்தாக்கினோம். கோவைக்கு மூன்றரை: மூன்று பெரியவர்கள், ஒரு கைப்பிள்ளை. நீலகிரியில் பத்து லட்சமே இல்லை.

"முக்கா ஆளு வேணுமே, யாருங்க முக்கா ஆளு?" என்று தலைமையாசிரியை கேட்க, ஊர்ப் பெண் ஒருத்தி தன் புருஷனை முன்னால் தள்ளினாள். "இவர வெச்சுக்கோங்க டீச்சர். ஊட்டுலயும் அந்தக் கணக்குத்தான்."

தறி முதலாளிக்குச் சென்னை விழுந்தது. ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். முறம் அளவு இடத்தில் மற்ற நால்வரோடு எப்படி நிற்பது என்று இங்கிருந்தே எட்டிப் பார்த்தார்.

எழுபத்திரண்டு பேரும் ஓரமாக நின்றார்கள். தலைமையாசிரியை மேடையில் ஏறிக் கையைத் தட்டினார்.

"கடக்கரை மாவட்டத்து ஆளுகெல்லாம் கெழக்கால போங்க! நீலகிரி, கோயமுத்தூரு, ஈரோடு மேக்கால வாங்க! கன்னியாகுமரி, திருநெல்வேலி தெக்கால! போங்க, போங்க!"

எல்லோரும் ஓடினார்கள். அடுத்த அரை நிமிடத்தில் மாநிலம் தலைகீழானது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் கேட் பக்கம் பாய்ந்து கன்னியாகுமரியில் போய்க் குவிந்தன. நீலகிரி மேடைப் பக்கம் வந்து திருவள்ளூரில் நின்றது. கன்னியாகுமரியாக நிற்க வேண்டிய இருவர் கேரளத்துக்குள் நடந்துபோய்ச் சுவரில் முட்டி நின்றார்கள். நீலப்பொடி போட்ட கடலோரத்தில் ஒரு ஈ காக்கை கூட இல்லை. குமரிமுனையில் மட்டும் இரண்டு கோடிப் பேர் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க டீச்சர், கடலக் காணமுங்க!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து முதலாளி கத்தினார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் திசை உடம்பிலேயே இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தால் "கொஞ்சம் மேக்கால நகுந்து உக்காருங்க" என்பார்கள். கூடத்துக்குள் தறியைச் சொல்வதும் அப்படித்தான், வடக்கால தறி, தெக்கால தறி. இடது வலது பேச்சில் அவ்வளவாக வராது. பல வருடம் இங்கே இருந்துவிட்ட லைன் வீட்டுக்காரர்களுக்கும் அது பழகிவிட்டது. கிழக்கே போ என்றால் சூரியன் உதிக்கிற கிழக்கே போவார்கள், தரையில் என்ன வரைந்திருந்தாலும் சரி. தரையில் மருமகன் வடக்கை மேற்கில் வைத்திருந்தார்.

தலைமையாசிரியை மேடையிலிருந்து இறங்கி வந்தார். "என்ன தம்பி இப்படிப் பண்ணிப்போட்டீங்க? மேடை மேலப்பக்கம்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அதான் மேடம் நானும் பண்ணியிருக்கேன். மேடை மேலப்பக்கம். மேப்ல மேல என்ன இருக்கு? நார்த். அதை மேடைகிட்ட வச்சேன்."

"மேலப்பக்கம்னா மேக்குங்க!"

"மேலன்னா மேலதானே மேடம்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு பேர் சொன்னதும் சரி. மலை மேற்கில் உயர்ந்து நிற்கிற, ஆறெல்லாம் கிழக்கே இறங்கி ஓடுகிற நாட்டில் மேற்குக்கும் மேலுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. சென்னைக்காரருக்கு மேலே என்றால் தாளின் தலைப்பக்கம்.

கூட்டம் கலையத் தொடங்கியது. அதுதான் ஆபத்து. லைன் வீட்டு ஆண்கள் இரண்டு பேர் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்தார்கள். தலைமையாசிரியையின் முகம் வெளுத்தது. இவர்கள் இப்போது போனால் பள்ளி திறக்கும்போது வர மாட்டார்கள் என்பது எனக்கும் தெரிந்தது.

முதலாளிதான் குரல் கொடுத்தார். "போறதாவது! நாட்டத் திருப்பிரலாங்க. இத்தன பேரு இருக்கறோம், ஒரு நாட்டத் திருப்ப முடியாதுங்களா? மாப்ள, நூல அவுருங்க!"

அடுத்து நடந்ததை நான் ஓர் ஓரமாக நின்று பார்த்திருக்க வேண்டும். முடியவில்லை, நானும் துடைப்பத்தை எடுத்தேன். பழைய மாநிலத்தைக் கூட்டித் தள்ளினோம். காற்றில் சுண்ணாம்பு பறக்காமல் இருக்க ஆண்கள் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தார்கள். மருமகன் கட்டங்களைத் திருப்பிக் கட்டினார், இந்த முறை வடக்கு வடக்கிலேயே. ஆனால் கட்டத்துக்குக் கட்டம் வரைந்தால் சாயங்காலம் ஆகிவிடும். ஊர்ப் பெண் ஒருத்தி கேட்டாள்: "கோடு வெட்டற எடத்துல ஒரு புள்ளி வெச்சுக் குடுங்க தம்பி, நாங்க இழுத்துக்கறோம்." அவர் புள்ளி வைத்துக்கொண்டே போனார். பெண்கள் குனிந்தபடி பின்னாலேயே வந்தார்கள். கோலம் போடுகிற கை. ஒருத்தி மேற்குத் தொடர்ச்சி மலையை இழுத்தாள், ஒருத்தி வட எல்லையை. லைன் வீட்டுப் பெண்களில் ஒருத்தி, முப்பது வயதிருக்கும், பக்கத்தில் வந்து ஒரு பிடி பொடி வாங்கிக்கொண்டாள். அவர்கள் ஊரிலும் வாசலில் வெள்ளையில் வரைவார்களாம். கிழக்குக் கரையை அவள் எடுத்துக்கொண்டாள். விரலுக்கிடையில் பொடி ஒழுக, கோடியக்கரை மூக்கை வளைத்து மேலே ஏறினாள்.

முடித்தபோது மாநிலம் தன் திசையில் கிடந்தது. மேற்கே மேடையருகில் மலை. கிழக்கே கேட் சுவரை ஒட்டி நீலம்.

"இப்பப் போங்க!" என்றார் தலைமையாசிரியை, மூச்சு வாங்க.

இந்த முறை யாரும் தரையைப் பார்க்கவே இல்லை. போனார்கள், நின்றார்கள், சரியாக இருந்தது. நான் மேடையில் ஏறிப் பார்த்தேன். பொடி எழுத்தில் மட்டுமே தெரிந்த விஷயம் உயிரோடு அசைந்தது. வடகிழக்கில் சென்னையும் அதைச் சுற்றிய மாவட்டங்களும் ஒரே தலைக்கூட்டம். முறத்தின் மேல் ஐந்து பேர் கட்டிப்பிடித்து நின்றார்கள், நடுவில் முதலாளி. "மூச்சு முட்டுதுங்க! இங்கயா மாப்ள உங்க ஊடு?" சிவகங்கையில் முதலாளியின் மனைவி தனியாகக் கையை வீசி நடந்து காட்டினார். "இங்க காத்தாட இருக்குதுங்க, இங்கயே இருந்துக்கறேன்!" மேற்கில் கோவை, திருப்பூர், ஈரோடு வரிசையாகத் தோளோடு தோள். நகரத்தில் இருக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னோம். மாநிலத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் நகரவாசிகள். மைதானத்தில் பாதிக் கைகள் எழுந்தன. ஒருவர் கையை ஒருவர் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள்.

பிறகு தலைமையாசிரியை கேட்டார்: "ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கடக்கரை இருக்குது நம்ம மாநிலத்துக்கு. அதுல காலு நனைச்சவங்க எத்தன பேரு? கை தூக்குங்க."

ஊர்க்காரர்களில் ஏழெட்டுக் கை. அதிலும் ஒருவர் சந்தேகமாக, "கேரளாக் கடலு சேருங்களா?" என்றார். நியாயமான கேள்வி. கோவையிலிருந்து கிட்டத்துக் கடல் கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்தில்தான் இருக்கிறது. சொந்தக் கரைக்குப் போக அதைப்போல இரண்டு பங்குக்கு மேல் கிழக்கே போக வேண்டும். லைன் வீட்டுக்காரர்கள் தங்களைக் கேட்கவில்லை என்று நினைத்துச் சும்மா நின்றார்கள். கரையை வரைந்த பெண்தான் கொஞ்சம் யோசித்து, பொடி படிந்த கையைத் தூக்கினாள்.

"நாங்க பொறந்ததே கடலுக்கிட்டத்தானுங்க. எங்கூட்டுக்காரரு மொதல்ல படகுக்குத்தான் போனாரு. ஆனா எங்க கடலு இந்த மேப்ல இல்லீங்களே. எங்கூரு எங்க வருங்க?"

அவள் தமிழ் முழுக்கப் பல்லடத்தில் கற்றது. ஒரு 'ங்க' குறையவில்லை.

நான் மேடையிலிருந்து கையை நீட்டினேன். "இதே கடல்தாம்மா. இதே கரை மேலே போனால் ஆந்திரா, அதைத் தாண்டினால் உங்கள் ஊர். வடகிழக்கில்."

"ஈசானி மூலைங்க!" என்று முதலாளி கூவினார். "நாமெல்லாம் போர்வெல் போட எடம் பாக்கற மூலை! மாப்ள, அளவச் சொல்லுங்க!"

மருமகன் போனைத் தட்டினார். இதே அளவில் சென்னையிலிருந்து சுமார் எண்பதடி. அந்தப் பெண் பொடிச் சட்டியை எடுத்துக்கொண்டு சென்னையின் முறத்திலிருந்து தொடங்கினாள். கேட்டுக்கு வெளியே போனாள். எழுபத்திரண்டு பேரும் மாவட்டங்களைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினோம். ஆந்திரா முழுக்கத் தெருவில் வந்தது. எதிர்ப்புறம் கோழித்தீவன மூட்டை ஏற்றிய ஒரு மினி லாரி நின்றுகொண்டிருந்தது. கரை நேராக அதன் சக்கரத்துக்கு அடியில் போனது.

"ஏனுங்க, வண்டிய எடுங்க! ஒடிசா அடியில கெடக்குது!"

டிரைவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் புரியாமலேயே வண்டியை நகர்த்தினார். அவள் கோட்டை முடித்து, உட்கார்ந்து, ஒரு புள்ளி வைத்தாள். லைன் வீட்டு ஆட்கள் அந்தப் புள்ளியைச் சுற்றி நின்று தங்களுக்குள் வேகமாகப் பேசினார்கள். ஒருவர் குனிந்து கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி வைத்தார். அது அவர் ஊர். இன்னொருவர் வந்து அதைச் சற்று நகர்த்தினார். சண்டை வந்தது, சிரிப்பு வந்தது.

தலைமையாசிரியை அந்தப் பெண்ணின் பக்கத்தில் அப்படியே தெருவில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவள் மகள், ஆறு வயது.

"அம்மணி, புதன்கிழமை ஸ்கூலு தொறக்கறோம். இவளக் கூட்டிட்டு வாங்க."

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. "பண்டிகைக்கு ஊருக்குப் போயிருவோங்க. வர ஒரு மாசம் ஆகும், சமயத்துல ரெண்டு. பேர வெட்டிருவீங்களே?"

அதுதான் காரணம். பள்ளி தங்களுடையதா இல்லையா என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. போய்விட்டுத் திரும்பினால் பதிவேட்டில் பெயர் இருக்காது, பிள்ளையை எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்புவார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியை வீடு வீடாகப் போனபோது யாரும் இதைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"யாரு வெட்டறது? நானிருக்கற வரைக்கும் பேரு அப்படியே இருக்கும். போறப்ப ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க, வந்தவொடனே வந்து உக்காருங்க."

அவள் மற்றவர்களிடம் ஒடியாவில் அதைச் சொன்னாள். வெயில் ஏறிவிட்டது. கலைந்து போனார்கள்.

புதன்கிழமை எனக்கு ஆபீசில் வேலை ஓடவில்லை. சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளி வராண்டாவில் வரிசை நின்றது. லைன் வீட்டுப் பெண்கள், தலையில் எண்ணெய் வழியப் பிள்ளைகள். உள்ளே முதல் வகுப்பில் பெஞ்சு பற்றாமல் பாய் விரித்திருந்தார்கள். இனி பள்ளியை யாரும் எங்கேயும் சேர்க்க முடியாது. தலைமையாசிரியை என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பேச நேரமில்லை. எதிரே கரை வரைந்த பெண்ணும் மகளும்.

"பேரு எழுதியாச்சு. பொறந்த ஊருங்க?"

தாய் வாயைத் திறப்பதற்குள் சிறுமி முந்திக்கொண்டாள். "பல்லடமுங்க."

பேனா நின்றது. "பல்லடமா?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிங்க," என்றாள் தாய். பின்னால் நின்றவள் தன் மகனைக் காட்டி, "இவனும்தாங்க" என்றாள். அதற்குப் பின்னால் ஒருத்தி, "இது திருப்பூருங்க."

"அட, உள்ளூருக்காரியா நீயி!" தலைமையாசிரியை சிறுமியின் கன்னத்தைப் பிடித்தார். "அப்பறம் எதுக்கு கண்ணு இத்தன நாளா ஸ்கூலுக்கு வரல?"

சிறுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்குத்தானுங்களே தொறந்தீங்க."

வராண்டாவே சிரித்தது. தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்லடம் என்று எழுதினார். அடுத்த பிள்ளையை முன்னால் வரச் சொன்னார்.